முடிவில்லாத ரோந்து: குரோட்டனிலிருந்து போர்ட்ஸ்மத் வரை

வெள்ளி இரவு, குரோட்டன்

திங்கட்கிழமை அமெரிக்காவில் நினைவு நாள். படைப் பணியில் இருந்தபோதே உயிரிழந்தவர்களுக்காக மே மாதத்தின் கடைசித் திங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு அது பெரும்பாலும் நீண்ட வார இறுதியாகவே கழிந்துவிடும். இந்த முறை சென்னையிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டிகளுக்கு வெல்டிங் செய்து, அப்புறம் வெல்டிங் சோதனைப் பிரிவுக்குப் போய் ஓய்வு பெற்றவர். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "அணுசக்தில ஓடின முதல் சப்மரீன் இங்கதான எங்கியோ இருக்கு? உள்ள விடுவாங்களாமா?" என்றார்.

எனக்கும் போக ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பனி கொட்டினால் பக்கத்து வீட்டு நடைபாதையையும் சேர்த்துச் சுத்தம் செய்வார். இளமையில் நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர் என்பது, போன குளிர்காலத்தில் அவர் இறந்தபோது வந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்தது. அதில் ஒரு வரி, அவர் முடிவில்லாத ரோந்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்று சொன்னது. அமெரிக்க நீர்மூழ்கி வீரர்கள் தங்களில் இறந்தவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். கடலடியில் கப்பலோடு போனவரானாலும் சரி, எண்பது வயதில் கட்டிலில் போனவரானாலும் சரி, சொல் ஒன்றுதான். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவரிடம் ஒன்றுமே கேட்காமல் விட்டோமே என்று இருந்தது. அதனால் கப்பலைப் பார்ப்பதோடு, இவர்கள் தங்கள் இறந்தவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

குரோட்டன் கனெக்டிகட் மாநிலத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் நியூ லண்டன். கடற்படையின் நீர்மூழ்கித் தளத்தை ஒட்டியே அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. வாசலில் இரண்டு இரும்பு வளையங்கள் நிற்கின்றன. சின்னது 1900இல் கடற்படை வாங்கிய ஹாலண்ட் என்ற முதல் நீர்மூழ்கியின் சுற்றளவு. பெரியது இன்றைய ஒஹையோ வகையின் சுற்றளவு. சின்ன வளையத்துக்குள் நின்றால், அந்தக் காலத்தில் இதற்குள் புகுந்து கடலுக்கடியில் போகத் துணிந்தவர்களின் நெஞ்சுரம் புரிகிறது.

ஆற்றில் நாட்டிலஸ் நிற்கிறது, சித்தப்பா கேட்ட அந்த முதல் அணுசக்தி நீர்மூழ்கி. இதே ஊரில் எலெக்ட்ரிக் போட் தளத்தில் கட்டி, 1954 ஜனவரி 21 அன்று இதே ஆற்றில் இறக்கினார்கள். 1955 ஜனவரி 17 அன்று அணுசக்தியில் ஓடத் தொடங்கியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று 116 பேரோடு பனிக்கடியில் வட துருவத்தைக் கடந்தது. 1980இல் ஓய்வு கொடுத்து, 1986 முதல் மக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். செங்குத்தான படியில் இறங்கினால் டார்பிடோ அறை, அதிகாரிகள் சாப்பிடும் அறை, கட்டுப்பாட்டு அறை, சமையலறை. படுக்கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அலமாரித் தட்டு போல இருக்கின்றன. அணு உலை இருக்கும் பின்பகுதிக்கு அனுமதி இல்லை.

சித்தப்பா பெரிஸ்கோப்பையும் பார்க்கவில்லை, சுவரில் இருந்த துருவப் படங்களையும் பார்க்கவில்லை. குழாய்கள் சேரும் இடங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் வந்தார். மார்பில் வெள்ளி நிற டால்பின் சின்னம். கப்பலின் எல்லாப் பகுதியையும் கற்று, தேர்வில் தேறிய பிறகுதான் அதை அணியலாம். சமையல்காரரும் தேற வேண்டும், எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில், தண்ணீர் பீறிடும்போது, யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர்தான் மூட வேண்டும்.

சித்தப்பா வெல்டிங் செய்தவர் என்று சொன்னேன். பெரியவர் உடனே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாங்கள் உயிரோடு திரும்பி வந்தது உங்களைப் போன்றவர்களால்தான் என்றார். மொழிபெயர்த்தேன். சித்தப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெளியே வந்த பிறகு, "நான் பொட்டிக்குத்தானம்மா போட்டேன்" என்றார்.

அந்தத் துருவப் பயணத்தின் கேப்டன் வில்லியம் ஆண்டர்சன் 2007இல் இறந்தார். எல்லோரும் அவரைத் துருவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அவருடைய அடுத்த வாழ்க்கை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. டென்னசியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1970இல் வியட்நாமின் கான் சான் தீவுச் சிறைக்குப் போய், கைதிகளை அடைத்து வைத்திருந்த 'புலிக் கூண்டு'களை நேரில் பார்த்து, அது உலகத்துக்குத் தெரிய வரக் காரணமானவர்களில் ஒருவர் ஆனார். மூடிய இரும்புக்குள் மாதக்கணக்கில் வாழ்ந்த மனிதர் அந்தக் கூண்டுகளுக்கு மேலே நின்று கீழே பார்த்திருக்கிறார்.

சனி, குரோட்டன்

காலையில் தேம்ஸ் தெருவுக்குப் போனோம். வீடுகளுக்கு நடுவில் சின்னப் பூங்கா. அதில் ஃப்ளாஷர் என்ற நீர்மூழ்கியின் கோபுரம் மட்டும் நிற்கிறது. ஃப்ளாஷர் போரில் தப்பி வந்தது. ஜப்பானியக் கப்பல்களை டன் கணக்கில் அதிகம் மூழ்கடித்த அமெரிக்க நீர்மூழ்கி அதுதான். பிறகு உடைத்தபோது கோபுரத்தைக் காப்பாற்றி இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். அதை ஒட்டிக் கல் சுவர். இரண்டாம் உலகப் போரில் இழந்த 52 நீர்மூழ்கிகளில் போனவர்களின் பெயர்கள்.

கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். கடற்படையின் மொத்த ஆட்களில் நூற்றில் இரண்டு பேர்கூட நீர்மூழ்கிப் பிரிவில் இல்லை. ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அவர்கள் கணக்கில்தான். அதற்கு அவர்கள் கொடுத்தது சுமார் 3,500 உயிர். ரோந்துக்குப் போனவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் திரும்பவில்லை.

திரும்பாதது எப்படி என்பதுதான் மனத்தைப் பிசைகிறது. பல கப்பல்களுக்குக் கடைசி நிமிடத்தின் சாட்சியே கிடையாது. வர வேண்டிய நாளில் வரவில்லை. செய்தி அனுப்பினால் பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்குத் தந்தி. உடல் இல்லை, கல்லறை இல்லை, எந்தக் கடல் என்றுகூடச் சில வீடுகளுக்குத் தெரியாது. நம் ஊரில் ஊர்க்கோடியில் நடுகல் நட்டுப் பெயரெழுதி வைத்தது போல, இந்தச் சுவர்தான் அவர்களுக்கு எல்லாம்.

இதில் க்ரேபேக் என்ற பெயரைத் தேடிப் போய் நின்றேன். 1944 பிப்ரவரியில் 80 பேரோடு காணாமல் போனது. போருக்குப் பிறகு ஜப்பானிய ஆவணங்களிலிருந்து அது மூழ்கிய இடத்தைக் குறித்தார்கள். குறித்தபோது தீர்க்கரேகையில் ஒரே ஒரு இலக்கம் தவறிவிட்டது. அந்தத் தவறான புள்ளியையே எழுபது வருடத்துக்கு மேல் எல்லோரும் நம்பியிருந்தார்கள். காணாமல் போன 52ஐயும் தேடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட தனியார் குழு ஒன்றுக்காக, ஜப்பானிய ஆய்வாளர் யுடாகா இவாசாகி மூல ஆவணத்தைத் திரும்பப் படித்துத் தவறைக் கண்டுபிடித்தார். 2019இல் ஒகினாவாவுக்குத் தெற்கே கப்பல் கிடைத்தது. பெயர்ப் பலகை அதன் மேலேயே இருந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தக் கப்பலை மூழ்கடித்த நாட்டில் பிறந்த ஒருவர், தன் பொறுமையால் அந்த 80 வீடுகளுக்கும் ஒரு இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். தகவல் வந்தபோது அந்த வீரர்களின் பெற்றோர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளே முதியவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் போரின்போது நீர்மூழ்கிகளில் கறுப்பின வீரர்களுக்குப் பரிமாறும் வேலையும் அதிகாரிகளின் அறை வேலையும்தான் கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களுக்கும் அதே நிலை. ஆனால் போர் நிலையில் குண்டு எடுத்துக் கொடுத்ததும், காவலுக்கு நின்றதும் அவர்கள்தான். உயிரோடு இருந்தவரை சமமாக நடத்தவில்லை. கப்பல் போனபோது கேப்டனும் அவர்களும் ஒன்றாகத்தான் போனார்கள், சுவரிலும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்தச் சமத்துவம் சாவுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல சுடுகாடே வேற வேறதானம்மா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பூங்காவில் ஒருவர் தண்ணீர் வாளியும் துணியுமாகக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கோட்டில் அவர் வேலை பார்த்த கப்பல்களின் சின்னங்கள் தைத்திருந்தன. ஸ்கார்பியனில் தனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்றார். ஸ்கார்பியனும் குரோட்டனில் கட்டியதுதான். 1968 மே 22 அன்று அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே 99 பேரோடு மூழ்கியது. கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. மே 27 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் மனைவிகளும் குழந்தைகளும் வரவேற்கப் போய் நின்றிருக்கிறார்கள். ஜூன் 5 அன்றுதான் இழந்துவிட்டதாக அறிவித்தார்கள். கப்பலைக் கண்டுபிடித்தது அக்டோபரில். எதனால் மூழ்கியது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை.

மே மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் சரியாக வராது என்று அந்த மனிதர் சொன்னார். சித்தப்பா அவரிடமிருந்து ஒரு துணியை வாங்கிக்கொண்டார். மூன்று பேருமாகக் கொஞ்ச நேரம் துடைத்தோம்.

ஞாயிறு, போர்ட்ஸ்மத், நியூ ஹாம்ப்ஷயர்

காலையில் வடக்கே ஓட்டினோம். பாஸ்டனைத் தாண்டி, கடலை ஒட்டிய நெடுஞ்சாலை. ரொம்ப நெரிசல், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ரை என்ற கடற்கரையில் வண்டியை நிறுத்தினோம். தூரத்தில் ஷோல்ஸ் தீவுகள் கோடு போலத் தெரிகின்றன. அந்தப் பக்கத்துக் கடலில்தான் 1939 மே 23 அன்று ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கி மூழ்கியது. இந்தக் கதையை முழுதாகச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதற்கு முன்னால் இரண்டு கப்பல்கள். 1925 செப்டம்பரில் எஸ்-51, ஒரு பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. 33 பேர் இறந்தார்கள். 1927 டிசம்பரில் கேப் காட் அருகே எஸ்-4 மூழ்கியது. அதில் முன்பக்க டார்பிடோ அறையில் ஆறு பேர் உயிரோடு மாட்டிக்கொண்டார்கள். மீட்கக் கடலுக்குள் முங்கிப் போனவர்கள் சுத்தியலால் தட்டிக் கேட்டபோது உள்ளேயிருந்து பதில் தட்டல் வந்தது. காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும், நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். மேலே புயல். எதுவும் செய்ய முடியவில்லை. தட்டல் நின்றது. மொத்தம் 40 பேர்.

சார்ல்ஸ் மாம்சன் என்ற நீர்மூழ்கி அதிகாரி எஸ்-51 மூழ்கியபோது தன் கப்பலில் அதைத் தேடிப் போனவர். அதில் இருந்தவர்கள் அவருடைய நண்பர்கள். இப்படி மேலே நின்று வேடிக்கை பார்க்கும் நிலை மறுபடி வரக்கூடாது என்பதே அவருடைய ஒரே வேலையாயிற்று. கடலுக்கடியில் கப்பலின் மூடியின் மேல் போய் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களை ஏற்றி வரும் எஃகு அறை ஒன்றை யோசித்தார். ஆலன் மெக்கேன் அதைச் செப்பனிட்டு முடித்தார். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பயன்பட்டது எது தெரியுமா? தூக்கியெடுத்த அதே எஸ்-4.

ஸ்குவாலஸ் சோதனை முழுக்கில் இருந்தது. டீசல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் பெரிய வால்வு மூடாமல், பின்பகுதி முழுக்கத் தண்ணீர் புகுந்தது. லாயிட் மேனஸ் என்ற எலெக்ட்ரீஷியன் நடுக்கதவில் நின்றார். கப்பல் பின்பக்கம் சாய்ந்ததால், அந்தக் கனத்த கதவை மேட்டில் இழுத்து மூட வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து ஓடி வந்தவர்களுக்காகக் கடைசி நொடி வரை திறந்து பிடித்திருந்து, அப்புறம் மூடினார். அந்தப் பக்கம் 26 பேர். இந்தப் பக்கம் 33 பேர். சுமார் 73 மீட்டர் ஆழம். மாம்சன் வந்தார். எஃகு அறை நான்கு முறை மக்களை ஏற்றி வந்தது. கடைசி நடையில் கம்பி சிக்கி, மேலே வந்து சேர நள்ளிரவைத் தாண்டிவிட்டது. 33 பேரும் பிழைத்தார்கள். எஸ்-4இன் அந்த ஆறு பேருக்குக் கிடைக்காத பதில் இந்த 33 பேருக்குக் கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. ஸ்குவாலஸைத் தூக்கிச் செப்பனிட்டு, செயில்ஃபிஷ் என்று பெயர் மாற்றிப் போருக்கு அனுப்பினார்கள். ஸ்குவாலஸ் மூழ்கிய இடத்தை முதலில் கண்டுபிடித்தது ஸ்கல்பின் என்ற சகோதரக் கப்பல். 1943 நவம்பரில் ஸ்கல்பின் போரில் மூழ்கி, பிழைத்தவர்கள் கைதிகளானார்கள். அவர்களில் 21 பேரை சூயோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியில் ஏற்றினார்கள். டிசம்பர் 4 அன்று புயலுக்கு நடுவே அந்தக் கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது செயில்ஃபிஷ். உள்ளே யார் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. 21 பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

சித்தப்பா கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "காப்பாத்த வந்தவனையே... அது தெரிஞ்ச பிறகு அந்தக் கப்பல்காரங்க எப்படிம்மா இருந்திருப்பாங்க?" என்றார். செயில்ஃபிஷின் கோபுரம் போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் தளத்துக்குள் நினைவுச் சின்னமாக நிற்கிறது. நினைத்த நேரத்தில் பொதுமக்கள் உள்ளே போக முடியாது. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து தளத்தின் பாரந்தூக்கிகளை மட்டும் பார்த்தோம்.

மாலையில் பாலம் கடந்து மெயின் மாநிலத்தின் கிட்டரிக்குப் போனோம். வண்டிகள் சுற்றிப் போகும் வட்டச் சந்திப்பின் நடுவில் ஓர் உயரமான கொடிக்கம்பம். உயரம் 129 அடி. த்ரெஷர் என்ற நீர்மூழ்கியில் போனவர்கள் 129 பேர். 2013இல், ஐம்பதாவது ஆண்டில் நட்டார்கள்.

த்ரெஷர் இந்தத் தளத்தில் கட்டிய கப்பல். 1963 ஏப்ரல் 10 காலை, கேப் காடுக்குக் கிழக்கே சுமார் 350 கிலோமீட்டரில் ஆழ முழுக்குச் சோதனை. மேலே ஸ்கைலார்க் என்ற துணைக் கப்பல். சிறு சிக்கல், மேலே வர முயல்கிறோம் என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு தெளிவில்லாத சொற்கள். அப்புறம் ஒன்றுமில்லை. அங்கே கடலின் ஆழம் இரண்டரை கிலோமீட்டர்.

விசாரணை சொன்ன காரணம் இதுதான்: எஞ்சின் அறையில் கடல்நீர்க் குழாயின் ஓர் இணைப்பு விட்டிருக்கலாம். பீறிட்ட தண்ணீரால் மின்சாரம் போய் அணு உலை நின்றிருக்கலாம். எடை குறைத்து மேலே வர அழுத்தக் காற்றைத் திறந்தபோது, காற்றில் இருந்த ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிட்டது.

சித்தப்பா வட்டச் சந்திப்பின் ஓரப் புல்லில் உட்கார்ந்துகொண்டு என்னை ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன இணைப்பு? வெல்டிங்கா, பிரேஸிங்கா? சில்வர் பிரேஸிங், அதாவது வெள்ளிக் கலவையை உருக்கிக் குழாய்களைச் சேர்ப்பது, என்று சொன்னேன். தலையை ஆட்டினார். "வெளில பாத்தா அழகா இருக்கும். உள்ள வெள்ளி ஓடிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசோனிக் வெச்சுத்தான் பாக்கணும்." அப்படிச் சோதித்தும் இருக்கிறார்கள். கடைசியாகத் தளத்தில் நின்றபோது 145 இணைப்புகளைச் சோதித்ததில் நூற்றுக்குப் 14 தரத்துக்குக் கீழே இருந்தன. மீதியைச் சோதிக்கவில்லை. நேரமில்லை. அதைச் சொன்னதும் சித்தப்பா கோபப்பட்டார். "நூத்துக்குப் பதினாலுன்னா எல்லாத்தயும் பிரிச்சிருக்கணும்மா. பொட்டி நிக்கட்டும், ஒரு மாசம் நிக்கட்டும், என்ன ஆயிடும்?"

129 பேரில் 17 பேர் படைவீரர்கள் இல்லை. தளத்தின் ஊழியர்களும் தொழில்நுட்பக்காரர்களும். தாங்கள் வேலை செய்த கப்பல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கூடவே போனவர்கள். அண்ணன் தம்பி இருவரும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். கொடிக்கம்பத்தை 112 அடியில் நிறுத்தாமல் 129 அடிக்கு உயர்த்திய ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. நீர்மூழ்கிக்காரர்களின் நினைவில் சீருடைக்குத் தனி இடமில்லை, உள்ளே இருந்தாரா என்பதுதான் கேள்வி.

அந்த வருடமே கடற்படை ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது, பெயர் சப்சேஃப். கடல்நீர் தொடும் ஒவ்வொரு குழாய்க்கும், வால்வுக்கும், இணைப்புக்கும் எழுத்து ஆதாரம் வேண்டும்: எந்த உலோகம், யார் செய்தது, யார் சோதித்தது. ஆதாரம் இல்லையென்றால் ஆழத்துக்குப் போக முடியாது. 1915 முதல் 1963 வரை போர் அல்லாத காரணங்களால் 16 அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கியிருக்கின்றன. அதன் பிறகு ஒன்றே ஒன்று, ஸ்கார்பியன். அதற்கு அந்தச் சான்று கிடைத்திருக்கவில்லை. அந்தத் திட்டத்தில் வேலை செய்பவர்களுக்குத் தரும் பயிற்சியில் இன்றும் த்ரெஷரின் கதை சொல்லப்படுகிறது. பூ வைப்பதும் மணி அடிப்பதும் வேண்டியவைதான். ஆனால் இறந்தவர்களுக்குச் செய்த மரியாதைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்தச் சோதனைத் தாள்கள்தான்.

திங்கள், நினைவு நாள்

போர்ட்ஸ்மத்தில் ஆல்பகோர் பூங்கா இருக்கிறது. சாலையோரப் பள்ளத்தில் ஒரு முழு நீர்மூழ்கி தரையில் நிற்கிறது. ஆயுதமே இல்லாத ஆராய்ச்சிக் கப்பல், 1953 முதல் 1972 வரை ஓடியது. இன்றைய நீர்மூழ்கிகளின் உருண்டு நீண்ட உடலை முதலில் இதில்தான் பரிசோதித்தார்கள். பக்கத்திலேயே நினைவுத் தோட்டம்.

ஆல்பகோர் என்ற பெயரில் முன்பு ஒரு கப்பல் இருந்தது. 1944 நவம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோ அருகே எல்லோரோடும் போனது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தமாகி உராவின் குழு எடுத்துக் கொடுத்த தரவுகளை வைத்து, அது கிடக்கும் இடத்தை 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை உறுதி செய்தது. சனிக்கிழமை க்ரேபேக், இன்று ஆல்பகோர். இரண்டுக்கும் ஜப்பானியக் கைகள்.

காலையில் சிறு கூட்டம். முதியவர்கள் மடக்கு நாற்காலிகளில். சிலர் சக்கர நாற்காலியில். கோட்டு நிறையக் கப்பல் சின்னங்கள். பேச்சுகள் சுருக்கமாக முடிந்தன. அப்புறம் மணி. ஒருவர் கப்பல் பெயரைச் சொல்கிறார், எப்போது போனது, எத்தனை பேர் என்று சொல்கிறார். இன்னொருவர் மணியை ஒரு முறை அடிக்கிறார். ஓசை முழுக்க அடங்கும்வரை அடுத்த பெயர் வராது. எஃப்-4 வந்தது, 1915, ஹோனலூலு அருகே, 21 பேர். எஸ்-51. எஸ்-4. ஸ்குவாலஸ் வந்தபோது சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். யாரும் நிற்கவில்லை, அவர் மட்டும் நின்றார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துவிட்டு, தடியை ஊன்றி அவரும் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக, முடிந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 52 கப்பல்களும் முடிய நேரம் பிடித்தது. நடுவில் குழந்தைகள் பொறுமையிழந்து ஓடினார்கள், யாரும் அதட்டவில்லை. த்ரெஷருக்கு மணி அடித்தபோது முன்வரிசையில் வயதான இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பா அந்தக் கப்பலில் இருந்தார் என்று பின்னால் இருந்தவர் எனக்குச் சொன்னார்.

போன வருடத்துக்குள் இயற்கையாக இறந்த அந்தப் பகுதி நீர்மூழ்கி வீரர்களின் பெயர்களையும் தனியாகப் படித்தார்கள். பெயர், வேலை பார்த்த கப்பல்கள், பிறகு என்ன செய்தார் என்று ஓரிரு வரி. ஒருவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒருவர் நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஒருவர் கப்பலில் சமையல்காரர், பின்னாளில் ஊரில் உணவகம் வைத்திருந்தார். அந்த உணவகத்தின் மீன் சூப்பைப் பற்றி யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கள் தெருப் பெரியவர் ஞாபகம் வந்தது. அவருடைய ஊர்க்காரர்களும் இன்று எங்கேயோ அவர் பெயரைப் படித்திருப்பார்கள்.

சாப்பாட்டு வேளையில் ஒரு பெரியவர் எங்களோடு உட்கார்ந்தார். அவர் தன் சாம்பலைக் கடலில் சேர்க்கச் சொல்லி எழுதி வைத்துவிட்டாராம். கடற்படை அதைச் செய்து தரும். பணிக்குப் போகும் கப்பலில் நடப்பதால் குடும்பத்தினர் கூடப் போக முடியாது. எந்த நாள், எத்தனை மணி, அட்சரேகை, தீர்க்கரேகை எவ்வளவு என்று கேப்டன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார். "பேரப்பிள்ளைகளுக்கு ஒரு புள்ளியாவது இருக்கும், என் நண்பர்களில் பலருக்கு அதுவும் இல்லை" என்றார்.

சித்தப்பா அவரிடம் என்னைக் கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: த்ரெஷர் விசாரணைத் தாள்களை யாராவது படிக்க முடியுமா? முடியும் என்றார். ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கேப்டன் ஒருவர் அதற்காகக் கடற்படை மேலேயே வழக்குப் போட்டார். 2020இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து பக்கங்கள் தொகுதி தொகுதியாக வெளியே வந்தன. ஐம்பத்தேழு வருடம் பூட்டி வைத்திருந்த தாள்கள்.

இரவு வீடு திரும்பியதும் முதல் தொகுதியை இறக்கி, சித்தப்பாவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். குழாய் இணைப்புகள் பற்றிய சாட்சியங்கள் எங்கே வருகின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலம் புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். நாளை காலை காப்பிக்குப் பிறகு நான் அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும். அவர் ஊருக்குப் போவதற்குள் எவ்வளவு முடிகிறதோ, அதை இங்கே தனியாக எழுதுகிறேன்.